இரண்டு மஞ்சள் டோக்கன்கள்

நான்கு வருடங்களுக்கு முன்பு, ஒரு சித்திரை மாதம். செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் உள்ள தொழிற்பேட்டையில், கார்களுக்கு வயர் கட்டித் தரும் கம்பெனி ஒன்றில் நான் லைன் சூப்பர்வைசராக இருந்தேன். இன்றும் அதே கம்பெனியில்தான் வேலை பார்க்கிறேன். அதனால் யாருடைய பெயரையும் எழுதப் போவதில்லை. பயம் ஒரு காரணம். இன்னொரு காரணம், இதில் வரும் பெண்ணின் பெயரை எழுத எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

எங்கள் வேலை கேட்பதற்குச் சுலபம். நீளமான ஒரு பெல்ட் நகர்ந்துகொண்டே இருக்கும். அதன் மேல் பலகைகள் வரும். ஒவ்வொரு பலகையிலும் வயர்களைச் சேர்த்து, கிளிப் மாட்டி, கறுப்பு டேப் சுற்றி அடுத்த ஆளுக்கு அனுப்ப வேண்டும். என் லைனில் முப்பத்து நான்கு பெண்கள். எல்லோரும் காண்ட்ராக்டர் அனுப்பிய ஆட்கள், அவர் நினைத்தால் நிறுத்திவிடலாம். எட்டு மணி நேரமும் நின்றபடியேதான் வேலை. ஒருத்தி கையை எடுத்தால் அவளுக்குப் பின்னால் பலகைகள் தேங்க ஆரம்பித்துவிடும். அதனால் யாருக்காவது பாத்ரூம் போக வேண்டுமென்றால் கை தூக்குவார்கள். சும்மா நிற்கும் மாற்று ஆள் ஒருத்தி வந்து அவள் இடத்தில் நிற்பாள். முதலில் லைனுக்கு இரண்டு மாற்று ஆட்கள் இருந்தார்கள். செலவைக் குறைக்கிறோம் என்று ஒருத்தியை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு என் லைனில் ஒரு நாளைக்கு முடியும் பலகைகளின் எண்ணிக்கை குறைய ஆரம்பித்தது.

வாராவாரம் நடக்கும் மீட்டிங்கில் மேனேஜர் என் லைனைத்தான் முதலில் எடுப்பார். மற்ற சூப்பர்வைசர்கள் எல்லோரும் ஆண்கள். அவர்கள் முன்னால் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருப்பது எனக்கு நரகமாக இருந்தது. நான் டிப்ளமோ படித்துவிட்டு வந்தவள். எங்கள் குடும்பத்தில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான்தான். என் அம்மா மதுராந்தகம் பக்கம் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டுத்தான் என்னைப் படிக்க வைத்தார். எனக்கு வேலை போய்விடுமோ என்ற பயம் ஒரு பக்கம். அதைவிட, ‘பொம்பளைக்கு வேலை வாங்கத் தெரியல’ என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம் பெரிதாக இருந்தது.

அந்த நேரத்தில்தான் எனக்கு ஒரு யோசனை வந்தது. ஆமாம், எனக்குத்தான் வந்தது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

இரண்டு மஞ்சள் பிளாஸ்டிக் டோக்கன்களை என் மேசைக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டினேன். டோக்கன் ஆணியில் இருந்தால் எடுத்துக்கொண்டு பாத்ரூம் போகலாம். இல்லாவிட்டால் அது திரும்பி வரும்வரை காத்திருக்க வேண்டும். போன நேரத்தையும் வந்த நேரத்தையும் அவரவரே நம்பர் போட்டு நோட்டில் எழுத வேண்டும்; ஷிப்ட் முடிவில் நான் பார்ப்பேன். ஏழு நிமிடத்தைத் தாண்டினால் சிவப்பு வட்டம். ஒரு வாரத்தில் மூன்று சிவப்பு வட்டம் வந்தால் காண்ட்ராக்டருக்குத் தகவல் போகும்.

இரண்டே வாரத்தில் எண்ணிக்கை ஏறிவிட்டது. மேனேஜர் கைகொடுத்தார். மற்ற லைன்களிலும் மஞ்சள் டோக்கன் தொங்க ஆரம்பித்தது. மாதத்தின் சிறந்த யோசனை என்று என் போட்டோவை நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். மிக்ஸி பரிசாகக் கொடுத்தார்கள். அந்த மிக்ஸியோடு கம்பெனி பஸ்ஸில் ஏறியபோது, என் லைன் பெண்கள் கைதட்டினார்கள். உண்மையாகவே சந்தோஷப்பட்டுத்தான் தட்டுகிறார்கள் என்று நினைத்தேன்.

பதினேழாம் இடத்தில் ஒரு பெண் நின்றிருந்தாள். வயது இருபத்திரண்டு, இருபத்து மூன்று இருக்கும். கூவத்தூரைத் தாண்டி ஒரு கிராமம். காலை ஏழு மணி ஷிப்ட்டுக்கு விடியும் முன்பே கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு வந்து கம்பெனி பஸ்ஸுக்கு நிற்பவள். மற்றவர்கள் டேப் சுற்றினால் ஏதாவது ஒரு இடத்தில் சுருக்கம் விழும். இவள் சுற்றினால் விழாது. அவ்வளவு சுத்தமான கை. நோட்டில் அவளுடைய நம்பருக்கு நேராகச் சிவப்பு வட்டமே கிடையாது. சில நாட்களில் பதிவே இருக்காது. மற்ற நாட்களில் ஒன்றோ இரண்டோதான். நான் அவளை மற்றவர்களுக்கு உதாரணமாகக் காட்டியிருக்கிறேன். “பதினேழைப் பாருங்க. அவளுக்கும் உங்களை மாதிரி உடம்புதானே இருக்கு?” என்று சத்தமாகவே கேட்டிருக்கிறேன். லைனில் நாங்கள் எல்லோரையும் நம்பரைச் சொல்லித்தான் கூப்பிடுவோம்.

அந்தச் சித்திரையில் ஒரு நாள், மதியம் இரண்டு மணி இருக்கும். பதினேழில் பலகைகள் தேங்கின. என்னவென்று போய்ப் பார்த்தால், அவள் பெல்ட்டின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. வெளியே கொளுத்துகிற வெயில், உள்ளே மேற்கூரைத் தகடு அனலாகத் தகிக்கிறது. இவள் குளிரில் நிற்பவள் மாதிரி பல்லைக் கடிக்கிறாள். தொட்டுப் பார்த்தேன். நெருப்பாகச் சுட்டது.

“ஒண்ணுமில்ல மேடம். இடுப்பு வலிதான். முடிச்சிட்டுப் போயிடறேன்” என்றாள். சொல்லி முடிப்பதற்குள் கால் மடங்கி உட்கார்ந்துவிட்டாள்.

மேனேஜருக்குப் போன் செய்தேன். “பக்கத்துல ஏதாவது கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போங்க. வேற எங்கயும் அலைய வேணாம்” என்றார். அவர் எதைச் சொல்கிறார் என்று எனக்குப் புரிந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் கேள்வி வரும், பேப்பர் வரும். ஆட்டோவில் அவளை என் தோளில் சாய்த்துக்கொண்டு போனேன். வழியெல்லாம் அவள், “சாரி மேடம், லைன் நின்னு போச்சா?” என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

கிளினிக்கில் ஒரு லேடி டாக்டர். ஐம்பது வயது இருக்கும், அதிகம் பேசாதவர். முதுகில் லேசாகத் தட்டிப் பார்த்தார். அவள் துடித்துவிட்டாள். சிறுநீர் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். ரிசல்ட் வந்ததும் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“யூரின்ல கிருமி வந்து கிட்னி வரைக்கும் ஏறியிருக்கு. ரொம்ப நாளா எரிச்சல் இருந்திருக்குமே?”

“இருந்திச்சு டாக்டர்.”

“ஒரு நாளைக்கு எவ்ளோ தண்ணி குடிப்பே?”

“காலைல பஸ் ஏறறதுக்கு முன்னாடி ஒரு சொம்பு. அப்புறம் வூட்டுக்குப் போய்த்தான்.”

“நடுவுல?”

“இல்ல டாக்டர்.”

“வேலை செய்யற எடத்துல குடிக்கத் தண்ணி இல்லையா?”

“கீது டாக்டர். நாந்தான் குடிக்கறதில்ல.”

“ஏம்மா?”

அவள் தலையைத் திருப்பி என் முகத்தைப் பார்த்தாள். டாக்டரும் அவள் பார்வையைத் தொடர்ந்து என்னைப் பார்த்தார்.

“நீங்க யாரு, அக்காவா?”

“இல்ல டாக்டர், சூப்பர்வைசர்.”

“ஓ.” பேனாவை மூடி மேசைமேல் வைத்தார். “பாத்ரூம் போக விடறீங்களா?”

அந்த அறையில் ஒரு மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. சுவரில் கர்ப்பிணிகளுக்கான ஊசி அட்டவணை மாட்டியிருந்தது. எனக்கு யோசிக்கக்கூட நேரம் தேவைப்படவில்லை. அதுதான் இன்றுவரை என்னைக் கொல்கிறது. கொஞ்சம் தடுமாறியாவது சொல்லியிருக்கலாம்.

“எப்ப வேணும்னாலும் போலாம் டாக்டர். யாரும் தடுக்கறதில்ல” என்றேன்.

டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். “அப்படியாம்மா?”

அவள் தலையை ஆட்டினாள். “ஆமா டாக்டர். போலாம். எனக்குத்தான் தண்ணி எறங்காது.”

டாக்டர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. மேற்கொண்டு எதுவும் கேட்காமல் எழுத ஆரம்பித்தார். மூன்று நாள் அங்கேயே படுத்து ஊசி போட்டுக்கொள்ள வேண்டும், பிறகு இரண்டு வாரம் வீட்டில் ஓய்வு. அவளுடைய அம்மா வந்து சேரும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பிஸ்கட், இளநீர் எல்லாம் வாங்கிக் கொடுத்தேன். அந்த அம்மா ஓட்டமும் நடையுமாக வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் ஆறுதல் சொல்லிவிட்டு, சாயங்காலம் கம்பெனிக்குத் திரும்பிவிட்டேன்.

நான்காவது நாள் பதினேழாம் இடத்தில் வேறு ஒரு பெண் நின்றிருந்தாள். காண்ட்ராக்டரிடம் கேட்டேன். “ஒடம்பு முடியாத ஆள வச்சிக்கினு இன்னா மேடம் பண்றது? உங்க லைன்தான் அடிவாங்கும்” என்றார். என் நல்லதுக்காகச் செய்ததுபோலச் சொன்னார். நானும் பேசாமல் வந்துவிட்டேன். அவளுடைய லாக்கரைக் காலி செய்து கொடுக்கச் சொன்னார்கள். ஒரு டிபன் பாக்ஸ், ஒரு ஷால், சின்னக் கண்ணாடி ஒன்று, தலைவலித் தைலம். யாரிடமாவது கொடுத்தனுப்பியிருக்கலாம். ஏனோ மனசு கேட்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானே எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

கல்பாக்கம் போய், அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்து, மெயின் ரோட்டில் இறங்கி, சவுக்குத் தோப்பு ஓரமாக ஒரு கிலோமீட்டர் நடந்தேன். அரசாங்கம் கட்டிக் கொடுத்த வீடு. பூசாத சுவர். அவளுடைய அம்மா தோப்பில் கட்டை அடுக்கும் வேலை செய்பவர். அப்பா இல்லை. என்னைக் கண்டதும் அந்த அம்மா பதறிப்போய், பக்கத்து வீட்டிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிக்கொண்டு வந்து போட்டார். அவள் உள்ளேயிருந்து எழுந்து வந்தாள். முகம் வற்றிப் பாதியாகியிருந்தது. இருந்தாலும் என்னைப் பார்த்ததும் சிரித்தாள்.

“வாங்க மேடம். இவ்ளோ தூரம் எதுக்கு?”

அந்த அம்மா அக்கம்பக்கத்தில் இருந்த இரண்டு மூன்று பேரைக் கூப்பிட்டு என்னைக் காட்டினார். “இவங்கதான் அந்த மேடம். என் பொண்ண ஆட்டோல தோள்மேல சாச்சிக்கினு இட்டுனு போனாங்களாம். கூடப்பொறந்தவகூட இப்டிப் பாத்துக்க மாட்டா. உங்க புள்ளைங்க நல்லா இருக்கணும்மா.”

எனக்காக நெத்திலி வாங்கிவரச் சொல்லி, குழம்பு வைத்து, வாழையிலையில் சோறு போட்டார். மறுத்தேன். விடவில்லை. அவர்கள் எல்லோரும் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருக்க, நான் மட்டும் உட்கார்ந்து சாப்பிட்டேன். அவள் சுவரில் சாய்ந்தபடி நின்றிருந்தாள். வீட்டில் யாரிடமும் டோக்கனைப் பற்றி அவள் சொல்லியிருக்கவில்லை என்று தெரிந்தது. நான் நல்லவள் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறாள்.

திரும்பும்போது, “மேடத்த பஸ் ஏத்திவுட்டு வரேன்” என்று அவளும் கூட வந்தாள். வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. மெல்ல மெல்ல நடந்தோம். ரோட்டோரம் ஒரு பூவரச மரத்தடியில் நின்றோம். மாமல்லபுரத்துக்குப் போகும் கார்கள் எங்களைக் கடந்து சீறிக்கொண்டு போயின. நான்தான் பேச்சை எடுத்தேன்.

“டாக்டர்கிட்ட நான் பொய் சொல்லிட்டேன்மா. மன்னிச்சிடு.”

“நானுந்தான மேடம் சொன்னேன்” என்றாள்.

“நீ பயந்துகிட்டு சொன்னே. எம் மொகத்தப் பார்த்தியே, அப்பவே தெரிஞ்சிது எனக்கு.”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். ஆச்சரியப்பட்டவள் மாதிரி இருந்தது அந்த முகம்.

“பயந்தெல்லாம் பாக்கல மேடம். நீங்க சொல்லிடுவீங்கன்னு நெனச்சேன். நான் சொன்னா வேலை பூடும். உங்கள யாரு இன்னா சொல்லப்போறாங்க? நீங்க படிச்சவங்க, டாக்டரும் படிச்சவங்க. நீங்க சொன்னா ஏதாச்சும் மாறும்னு பாத்தேன். நீங்க அப்டி சொன்னதும், சரி, மேடத்துக்கும் இன்னாவோ கஷ்டம் போலன்னு தலையாட்டிட்டேன்.”

ஏதாவது கேட்க வேண்டுமே என்பதற்காக, “ஒரு நாளைக்கு ஒரு தடவைகூடவா போக முடியல? டோக்கன் இருந்துதே?” என்று கேட்டேன்.

தயங்கினாள். ரோட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “பதினெட்டுல நிக்கிற அக்கா முழுகாம கீறாங்க மேடம். அஞ்சு மாசம். அவங்களால அடக்க முடியாது. அவங்களே நாலு தபா எடுத்தா உங்களுக்குத் தெரிஞ்சிடும். அதான் என் முறை வந்தா அவங்க போவாங்க, என் நம்பரப் போட்டு எழுதிக்குவாங்க. பீரியட்ஸ்ல கீறவங்களுக்கும் அப்டித்தான், யாராச்சும் வுட்டுக் குடுப்போம். முழுகாம கீறது தெரிஞ்சா காண்ட்ராக்டர் நிறுத்திடுவான் மேடம். நீங்க யாராண்டயும் சொல்லிடாதீங்க.”

பதினெட்டாம் இடத்துப் பெண்ணை நான் தினமும் எட்டு மணி நேரம் பார்க்கிறேன். அவள் கர்ப்பமாக இருப்பது எனக்குத் தெரியாது. லைனில் மற்ற முப்பத்து மூன்று பேருக்கும் தெரிந்திருக்கிறது. என் நோட்டில் இருந்த நம்பர்களும் நேரங்களும் எல்லாம் அவர்கள் ஒருவருக்கொருவர் பங்கு போட்டுக்கொண்டவை. எனக்குத் தெரியாமல் இருக்கத்தான் அவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள். வயலில் நடவு நடும்போது நிமிர்ந்தால்கூட வரப்பில் நிற்கும் ஆள் கத்துவான் என்று அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த ஆளை நினைத்துப் பல தடவை ஆத்திரப்பட்டவள் நான். அந்த மரத்தடியில் நிற்கும்போது, அந்த ஆளாவது முகத்துக்கு நேராகக் கத்தினான், நான் நோட்டில் வட்டம் போட்டேன் என்று தோன்றியது.

பஸ் வந்தது. “அந்த டோக்கன மட்டும் எடுத்துடுங்க மேடம். உங்களாலதான் முடியும்” என்றாள். ஏறி உட்கார்ந்த பிறகு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு மெதுவாகத் திரும்பி நடந்துகொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை காலை முதல் வேலையாக டோக்கன்களைக் கழற்றி டிராயருக்குள் போட்டேன். நோட்டைக் கிழித்தேன். பத்து மணி வாக்கில் பதினெட்டு கை தூக்கினாள். நானே போய் அவள் இடத்தில் நின்று டேப் சுற்றினேன். ஆறு வருடம் சூப்பர்வைசராக இருந்தவளுக்கு ஒரு பலகையை நேரத்தில் முடிக்க முடியவில்லை. பத்தொன்பதில் நின்ற பெண் தன் வேலையையும் பார்த்துக்கொண்டு என்னுடையதையும் சரிசெய்து அனுப்பினாள்.

எண்ணிக்கை இறங்கியது. மூன்றாவது வாரம் மேனேஜர் கூப்பிட்டார்.

“அது உங்க ஐடியாதானேம்மா? நீங்களே எடுத்துட்டா மத்த லைன்ல என்ன சொல்றது?”

“லேடீஸ் ரொம்பக் கஷ்டப்படறாங்க சார். ஒரு பொண்ணுக்கு உடம்பே கெட்டுப் போச்சு. என் தப்புதான்.”

“ஒருத்திக்கு ஃபீவர் வந்தா சிஸ்டத்த மாத்துவாங்களா?” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அப்போதும் நான் முழுதாகச் சொல்லவில்லை. டாக்டர் என்னிடம் கேட்டதையும், நான் பொய் சொன்னதையும், தண்ணீர் குடிக்காமல் நிற்கும் மற்ற லைன் பெண்களையும் பற்றி எழுத்தில் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் வேலை போகும் என்று தோன்றியது. வீட்டுக்கடன் இருந்தது. இரண்டு பிள்ளைகள் ஸ்கூலில். மறுவாரம் என்னை ஸ்டோர்ஸுக்கு மாற்றினார்கள். சம்பளம் குறையவில்லை. என் லைனுக்கு வந்த புது சூப்பர்வைசர் டிராயரைத் திறந்து டோக்கன்களை எடுத்துப் பழைய ஆணியிலேயே மாட்டினார். மற்ற லைன்களில் அவை இறங்கவே இல்லை. இன்றும் தொங்குகின்றன.

பதினெட்டாம் இடத்துப் பெண் ஏழாம் மாதம் தானாகவே நின்றுவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். குழந்தை நல்லபடியாகப் பிறந்ததாம். பதினேழை மறுபடி எடுத்துக்கொள்ளச் சொல்லி காண்ட்ராக்டரிடம் இரண்டு முறை கேட்டேன். நடக்கவில்லை. இப்போது அவள் கடலோர ரிசார்ட் ஒன்றில் துணி வெளுக்கும் பிரிவில் இருக்கிறாளாம். பொங்கலுக்கும் என் பிள்ளைகள் பிறந்தநாளுக்கும் வாட்ஸ்அப்பில் வாழ்த்து அனுப்புவாள். நான் பதிலுக்கு நன்றி என்று போடுவேன். அதற்கு மேல் எழுத விரல் வருவதில்லை.

அவள் என்னை மன்னித்துவிட்டாள் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் என் வெட்கம் அதனால் குறையவில்லை. நாங்கள் இரண்டு பேரும் அன்று டாக்டரிடம் ஒரே பொய்யைத்தான் சொன்னோம். உண்மையைச் சொன்னால் அவளுக்கு அடுத்த வேளைச் சோறு போய்விடும். எனக்கு, அதிகம் போனால், மேனேஜரிடம் வாங்கிய நல்ல பெயர் போயிருக்கும். வாய் திறக்கச் சக்தி இருந்தவள் அந்த அறையில் நான் ஒருத்திதான் என்பது எனக்கு வெகு தாமதமாகத்தான் புரிந்தது.